ஒன்பது பேர், ஒரு பேரேடு: பரவலாக்கப்பட்ட நிர்வாகச் சேவை ஒன்றுடன் ஒன்றரை ஆண்டு

சென்னைப் பதிப்பகங்களுக்குப் பக்க வடிவமைப்பு, மெய்ப்புத் திருத்தம், அட்டை வடிவமைப்பு, மின்னூல் ஆக்கம் ஆகிய வேலைகளைச் செய்து கொடுக்கும் ஒன்பது பேர் நாங்கள். 2023 மே மாதம் வரை ராயப்பேட்டையில் இயங்கிய ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தோம். உரிமையாளர் நல்ல மனிதர். ஆனால் ஒரு புத்தகத்துக்கு என்ன விலை பேசப்பட்டது, யார் பாக்கி வைத்திருக்கிறார்கள், சம்பளம் ஏன் பத்தாம் தேதிக்குத் தள்ளிப் போகிறது என்பதெல்லாம் அவருடைய அலமாரியில் பூட்டியிருந்த பேரேட்டுக்கு மட்டுமே தெரியும். அவர் தொழிலை விட்டு விலகியபோது நாங்களே சேர்ந்து எல்எல்பி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்தோம். இனி கணக்கு யாருடைய அலமாரிக்குள்ளும் இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, டாவோ எனப்படும் பரவலாக்கப்பட்ட தன்னாட்சி அமைப்புகளுக்கான இணையச் சேவை ஒன்றுக்குச் சந்தா கட்டினோம். அந்தச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். இந்த வகைச் சேவைகளை எண்ணிப் பார்க்கும் சிறு தொழில் குழுக்களுக்கு இங்கே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

சேவையின் வேலை சுருக்கமாக இதுதான். குழுவின் விதிகள் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்னும் நிரலாக எழுதப்பட்டு, பல கணினிகளில் ஒரே நேரத்தில் பிரதியெடுத்து வைக்கப்படும் பொதுப் பேரேடான பிளாக்செயினில் வைக்கப்படுகின்றன. ஒவ்வோர் உறுப்பினருக்கும் வாலட் என்னும் ஒரு மின்பணப்பை, அதில் விற்கவோ மாற்றவோ முடியாத ஒரு டோக்கன், அதாவது உறுப்பினர் என்பதைக் காட்டும் மின்வில்லை. செலவு, புதிய வேலை, பங்கீடு என எதுவானாலும் தீர்மானமாக முன்வைக்கப்பட வேண்டும். வாக்களிக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை நிறைந்து பெரும்பான்மையும் கிடைத்தால் அது நிறைவேறியதாகப் பேரேட்டில் ஏறும். ஏறியதை யாராலும் அழிக்க முடியாது. பெரிய செலவுகளுக்கு மட்டும் ஐந்து கையொப்பக்காரர்களில் மூவர் கையெழுத்திட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஸ்னாப்ஷாட் போன்ற தளங்களில் கட்டணமில்லாமல் வாக்களிப்பதையும், சேஃப் போன்ற வாலட்டுகளில் பலர் சேர்ந்து கையெழுத்திடுவதையும் தனித்தனியாகப் பார்த்திருப்பீர்கள். இந்தச் சேவை அவ்விரண்டு வகை வேலையையும் ஒரே திரையில் தருகிறது. உறுப்பினருக்கு மாதம் 350 ரூபாய் கட்டுகிறோம். அந்தத் தொகைக்கு இது குறைவில்லாத சேவை.

முதலில் நிறைவைச் சொல்கிறேன். எங்கள் மெய்ப்புத் திருத்துநருக்கு வயது 61. நாற்பது ஆண்டுகளாகச் சிவப்பு மையில் திருத்திப் பழகியவர், திரையை நம்பாதவர். தொலைபேசி தொலைந்தாலும் வாலட்டைத் திரும்பப் பெற உதவும் பன்னிரண்டு மீட்புச் சொற்களைத் தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார். இரண்டாவது மாதம் ஒருநாள் மாலை அவர் என்னை அழைத்தார். "தம்பி, என் பேருக்கு நேரா 214 பக்கம்னு போட்டிருக்கு. நான் பார்த்தது 236" என்றார். வடிவமைப்பாளர் நூலின் உடற்பகுதியை மட்டும் எண்ணிப் பதிந்திருந்தார்; பின்னிணைப்பாக வந்த சொல்லடைவின் 22 பக்கங்கள் விடுபட்டிருந்தன. மெய்ப்புப் பார்ப்பதில் மிகக் கடினமானது அந்தச் சொல்லடைவுதான், ஒவ்வொரு பக்க எண்ணையும் உள்ளே போய்ச் சரிபார்க்க வேண்டும். அன்றிரவே திருத்தப் பதிவு ஏறியது. பழைய பதிவை அழிக்க முடியாது என்பதால் 214உம் 236உம் ஒன்றன்கீழ் ஒன்றாக, யார் கேட்டார், யார் ஏற்றார் என்ற விவரத்துடன் இன்றும் அங்கே இருக்கின்றன. பழைய நிறுவனத்தில் இதே விடுபடல் எத்தனையோ முறை நடந்திருக்கும். அவர் ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்பதற்கு அவரிடம் பேரேடு இல்லை.

உற்பத்தித்திறன் என்ற சொல்லை நான் இந்த இடத்தில்தான் வைப்பேன். நாங்கள் விரைவாக வேலை செய்யத் தொடங்கிவிடவில்லை. தன் உழைப்பு சரியாக எண்ணப்படுகிறது என்று தெரிந்தபின், கடினமான வேலையை ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுவது நின்றது. அட்டவணைகள் நிறைந்த நூலையும் அடிக்குறிப்பு மிகுந்த ஆய்வேட்டையும் எடுத்துக்கொள்ள ஆள் தேட வேண்டியிருந்த நிலை மாறி, அவற்றுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு கூடுதல் என்று தீர்மானம் போட்டுக் கேட்டு வாங்கும் நிலை வந்தது.

இனி குறைகள். எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு என்பது வேலையைத் தின்னும். முதல் மூன்று மாதங்களில் 61 தீர்மானங்கள் போட்டோம். 4,200 ரூபாய் மதிப்புள்ள எழுத்துரு உரிமம் ஒன்று அட்டைக்குத் தேவைப்பட்டது. கோப்பு மறுநாள் காலை சிவகாசிக்குப் போயாக வேண்டும். சேவையில் வாக்கெடுப்பின் குறைந்தபட்சக் காலமோ 48 மணி நேரம். அட்டை வடிவமைப்பாளர் சொந்தப் பணத்தில் வாங்கிவிட்டு, பிறகு அதைத் திரும்பப் பெற இன்னொரு தீர்மானம் போட்டார். ஒரு மேலாளர் இரண்டு நிமிடத்தில் முடித்திருக்கக்கூடிய விஷயத்துக்கு ஒன்பது பேர் ஐந்து நாள் செலவிட்டோம்.

நிறுவனங்கள் ஏன் இருக்கின்றன என்று ரொனால்டு கோஸ் என்ற பொருளியலாளர் 1937இல் கேட்டார். ஒவ்வொரு வேலைக்கும் ஆளைத் தேடி, விலை பேசி, ஒப்பந்தம் எழுதி, அது நிறைவேறியதா என்று கண்காணிப்பதற்கு ஆகும் செலவு அதிகம்; அதைவிட ஒரு கூரையின் கீழ் ஆட்களை வைத்து உத்தரவிடுவது மலிவாக இருக்கும்போது நிறுவனம் பிறக்கிறது என்பது அவர் தந்த விடை. டாவோ ஆதரவாளர்கள் இதே கணக்கைக் கொண்டுதான் பேசுகிறார்கள்: ஒப்பந்தம் எழுதுவதையும் கண்காணிப்பதையும் நிரலே செய்துவிட்டால் அந்தச் செலவு மிகவும் குறையும், தனியார் நிறுவனங்களுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மேலாண்மையின் தேவையும் குறையும் என்கிறார்கள். கண்காணிப்பைப் பொறுத்தவரை இது சரி என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம். ஆனால் கூடி முடிவெடுப்பதற்கும் ஒரு செலவு உண்டு. அதை நிரல் குறைக்கவில்லை. எங்கள் விஷயத்தில் கூட்டியே விட்டது.

இதற்கு நாங்கள் கண்ட வழி ஒன்றும் புதிதல்ல. மூன்று சிறு குழுக்களை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் மாதம் 12,000 ரூபாய் வரை கேட்காமல் செலவிடும் உரிமையைக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றுகிறோம். உத்திரமேரூரைச் சொந்த ஊராகக் கொண்ட எங்கள் மின்னூல் வடிவமைப்பாளர், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை அப்போது நினைவூட்டினார். ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் தனித்தனி வாரியம் வைத்திருந்த அந்தச் சபை, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்லாமல் அவருடைய உறவினர்களையும் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கியது. நாங்கள் உறவினர்களை விட்டுவிட்டு முதல் பாதியை எங்கள் விதியாக எழுதிக்கொண்டோம். அதை நிரலில் சேர்க்கச் சேவை இடம் தந்தது என்பதையும் அதன் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

2023 டிசம்பர் மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி தொடங்கும் என்பதால் டிசம்பர் எங்களுக்கு உறக்கமில்லாத மாதம். அந்த நேரத்தில்தான் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வெள்ளம் புகுந்து, மின்சாரம் போய், தொலைபேசிகள் அணைந்தன. ஐந்து கையொப்பக்காரர்களில் மூவர் அந்தப் பகுதிகளில் இருந்தார்கள். தரைத்தளத்தில் குடியிருந்த இரண்டு உறுப்பினர்களுக்கு ஆளுக்கு 15,000 ரூபாய் உடனே கொடுக்க வேண்டும் என்று அம்பத்தூரிலிருந்து ஒருவர் தீர்மானம் போட்டார். வங்கியில் பணம் இருந்தது. வங்கிக் கணக்கை இயக்கும் இருவர் வீட்டிலும் மின்சாரம் இருந்தது. கொடுக்கக் கூடாது என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆனால் மூவர் கையெழுத்து என்ற விதியை நாங்களே எழுதியிருந்தோம். நான்காவது நாள் இரவு, பள்ளிக்கரணையில் ஒருவர் பக்கத்துக் குடியிருப்பின் மொட்டை மாடிக்கு ஏறி, கடன் வாங்கிய பேட்டரியில் தொலைபேசியை உயிர்ப்பித்துக் கையெழுத்திட்டபோதுதான் பணம் போனது. அந்த நான்கு நாட்களுக்காக நான் சேவையைக் குறை சொல்ல மாட்டேன், விதியை எழுதியவர்கள் நாங்கள். ஆனால் அவசரக் காலத்துக்கு என்ன வழி என்று தொடக்க அமைப்பின்போது அது ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். சின்னத்தின் நிறத்தைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கும் படிவம் அது. இப்போது இருவர் கையெழுத்தில் ஆளுக்கு 25,000 ரூபாய் வரை கொடுக்கலாம், ஒரு வாரத்துக்குள் அனைவருக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்று மாற்றியிருக்கிறோம்.

நிரல் எழுதியதே இறுதி என்ற நம்பிக்கை இந்தத் துறையின் தொடக்கத்திலேயே அடி வாங்கியது. 2016இல் 'தி டாவோ' என்ற பெயரில் எத்தீரியம் என்னும் பிளாக்செயினில் தொடங்கப்பட்ட முதலீட்டு அமைப்பு, அதன் நாணயமான ஈதராகத் திரட்டிய பணம் சுமார் 15 கோடி டாலர். அதன் நிரலில் இருந்த ஓட்டையின் வழியாக அந்த ஜூன் மாதம் ஏறத்தாழ 36 லட்சம் ஈதர் உறிஞ்சப்பட்டது. இறுதியில் எத்தீரியம் சமூகத்தினர் கூடிப் பேசி, பிளாக்செயின் தொடரையே இரண்டாகப் பிரித்துத்தான் பணத்தை மீட்டார்கள். வாக்குவலிமை எல்லோரிடமும் பரவியிருக்கும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான்: பெரிய பத்து டாவோக்களை 2022இல் ஆராய்ந்த செயினாலிசிஸ் என்ற பிளாக்செயின் ஆய்வு நிறுவனம், டோக்கன் வைத்திருப்போரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம் 90 சதவீத வாக்குவலிமை குவிந்திருப்பதாகக் கண்டது. டோக்கனுக்கு ஒரு வாக்கு என்று வைத்தால் அது பங்குச் சந்தை நிறுவனத்தின் மறுவடிவம்தான். 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் ஊரில் வாழும் எங்களுக்கு ஆளுக்கு ஒரு வாக்கு என்பது இயல்பாகவே தோன்றியது. சேவை அமைப்பில் அந்தத் தெரிவு மூன்றாவது பக்கத்தில், கீழே ஒளிந்திருக்கிறது. அதைத் தேடி எடுங்கள்.

சட்டத்தைப் பற்றிக் கண்டிப்பாக யோசியுங்கள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் 2021இல் டாவோக்களை நிறுவன வடிவமாகவே ஏற்றது. இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லாததால் 2008ஆம் ஆண்டின் எல்எல்பி சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொண்டு, அதற்குள் இந்தச் சேவையை ஓட்டுகிறோம். பணம் முழுவதும் ரூபாயாக வங்கியிலேயே இருக்கிறது. கிரிப்டோ போன்ற மெய்நிகர் சொத்து லாபத்துக்கு 30 சதவீத வரியும், 2022 ஜூலை முதல் பரிமாற்றத்தின்போது ஒரு சதவீத வரிப் பிடித்தமும் இருக்கும் நாட்டில், உழைப்பவருக்குக் கிரிப்டோவில் கூலி கொடுப்பது அவருக்குச் செய்யும் நன்மை ஆகாது. வங்கிக்குப் பேரேட்டில் ஏறிய தீர்மானம் செல்லாது. நிறுவனக் கடிதத் தாளில் முத்திரையிட்டுக் கையெழுத்துடன் கேட்டார்கள்.

அந்தக் கடிதத்துக்காகத் தீர்மானத்தைச் சேவையிலிருந்து பிடிஎஃப் கோப்பாக இறக்கியபோது எங்கள் தொழில் கண்ணுக்குப் பெரிய வேதனை காத்திருந்தது. ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுகிறது. 'கொ' மூன்று துண்டாக உடைகிறது. திரையில் சரியாகத் தெரியும் தமிழ் கோப்பில் சிதைகிறது. இரண்டு முறை எழுதிக் கேட்டும் சரிசெய்யவில்லை. ஒவ்வொரு முறையும் நாங்களே மறுபடி தட்டச்சு செய்கிறோம். திரையின் தெரிவுப் பட்டியல்கள் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியவில்லை.

அதைவிடக் கவலை தருவது அழியாமை. உறுப்பினர் ஒருவர் தம் தாயாரின் அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கேட்டு, நோயின் பெயரையும் தீர்மானத்தில் எழுதிவிட்டார். அது என்றைக்கும் அங்கேயே இருக்கும். தனிநபர் தரவை நீக்கக் கோரும் உரிமையை 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுகிறது, இந்தப் பேரேட்டிலோ நீக்கும் பொத்தானே கிடையாது. முன்பணக் கோரிக்கைகளில் இப்போது காரணம் எழுதுவதில்லை. தொகையும் திருப்பித் தரும் மாதங்களும் மட்டும் எழுதுகிறோம்.

ஐந்து முதல் இருபது பேர் வரை கொண்ட, ஒருவரையொருவர் முகம் தெரிந்த, எண்ணக்கூடிய வேலை செய்கிற குழுவுக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன். கணக்கும் பங்கீடும் உறுப்பினர் சேர்க்கையும் இதில் இருக்கட்டும்; அன்றாடச் செலவை இதற்குள் கொண்டு வராதீர்கள். நேருக்கு நேர் பேசித் தீர்க்க வேண்டியதை இதில் போட்டு வாக்கெடுப்புக்கு விடாதீர்கள் என்பதையும் பட்டறிவோடு சொல்கிறேன்: ஒரு மனத்தாங்கலை ஆறுக்கு மூன்று என்று தீர்த்தபோது, அந்த மூவர் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை.

இரண்டாம் ஆண்டுக்கும் சந்தா கட்டியிருக்கிறோம். இப்போது வாக்கெடுப்பில் இருப்பது தீர்மானம் 118, பத்தாவது உறுப்பினராக ஓர் இளம் வடிவமைப்பாளரைச் சேர்ப்பது பற்றியது. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு முடிகிறது. சேருவதற்கு முன் பேரேடு முழுவதையும் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். திறந்து காட்டினோம். பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். அவற்றில் ஒன்று, 214 ஏன் 236 ஆனது என்பது.