செக்குக் கடையும் செல்போனும்: ஆறு வருட அனுபவம்

காங்கேயத்தில் எங்களுடையது சின்ன மரச்செக்குக் கடை. ஒரு செக்கு, அப்பா, நான், உதவிக்கு ஒருத்தர். 2019இல் கடைக்காக கூகுள் மேப், வாட்ஸ்அப் பிசினஸ், ஃபேஸ்புக் பக்கம் மூன்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தேன். டிக்டாக்கைத் தடை செய்து ரீல்ஸ் வந்த 2020இல் இன்ஸ்டாகிராமும் சேர்ந்தது. கடை வைத்திருக்கும் நண்பர்கள் எதில் தொடங்கலாம் என்று கேட்டால் இப்போது நான் சொல்வது: முதலில் மேப், அப்புறம் வாட்ஸ்அப். இன்ஸ்டாவெல்லாம் நேரமிருந்தால்.

மேப்பில் கடையைச் சேர்க்க அப்போது தபாலில் ஒரு ரகசிய எண் வரும். எங்களுக்கும் வந்தது. ஏதோ பேங்க் விளம்பரம் என்று நினைத்து அப்பா கிழித்துப் போட்டுவிட்டார். இன்னொரு தடவை கேட்டு வாங்கினேன். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெரு, பெயர்ப் பலகை, ஷட்டரைச் சாவி போட்டுத் திறப்பது வரை எடுத்து அனுப்ப வேண்டும். எண் வந்து எல்லாம் முடிந்த பிறகும் ஒரு கூத்து. மேப்பில் புள்ளி பின் சந்தில் ஒருவர் வீட்டுக் கட்டுத்தரையில் விழுந்திருந்தது. வெளியூர்க்காரர்கள் அங்கே போய் மாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அந்த வீட்டம்மா ஒரு நாள் கடைக்கே வந்து, "கண்ணு, உன்ற கடைக்கு நான் எத்தன பேருக்கு வழி சொல்றது?" என்று கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புள்ளியை நகர்த்த ரெண்டு நிமிடம் ஆனது.

கடை திறக்கும் நேரத்தையும் சரியாகப் போடுங்கள். பொங்கலுக்கு மூன்று நாள் மூடியதை நான் மேப்பில் மாற்றவில்லை. தாராபுரத்திலிருந்து வந்து ஏமாந்தவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனார். நியாயம்தான். மன்னிப்புக் கேட்டு பதில் எழுதினேன், அது இன்னும் அப்படியே இருக்கிறது. சொந்தக்காரர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னதும் உண்டு. கடைப்பக்கமே வராத பெங்களூர் மச்சான் "சூப்பர் ஆயில்" என்று எழுதியிருந்தார். அதில் சில தானாகவே காணாமல் போயின. விமர்சனம் எழுதினால் தள்ளுபடி என்று போர்டு வைப்பதும் கூகுள் விதிக்கு விரோதம், வேண்டாம்.

வாட்ஸ்அப்புக்குச் சொந்த நம்பரைக் கொடுக்காதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு "தேங்காய் எண்ணெய் இருக்கா" என்று வரும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதிலும் நம் நம்பரைச் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் செய்தி போகும். இது தெரியாமல் முதல் நாலு மாதம் யாருக்கும் போய்ச் சேராத தீபாவளிச் சலுகையெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் பாட்டில் ஸ்டிக்கரிலேயே "இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று அச்சடித்தோம். கல்லாவில் பணம் வாங்கும்போதும் வாய்விட்டுக் கேட்டேன். வேலைக்கு ஆனது அந்தக் கேட்டதுதான்.

ஸ்டேட்டஸில் நான் போடுவது ரொம்பச் சாதாரணம். வியாழக்கிழமை சாயங்காலம் எள் ஆட்டுவோம். கருப்பட்டியைத் தட்டிப் போட்டதும் செக்குக்குள் நிறம் மாறும், அதைப் பத்து செகண்ட் எடுத்துப் போடுவேன். பெண்களுக்கு வெள்ளி, ஆண்களுக்குச் சனி என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீடுகள் இங்கே இன்னும் உண்டு. அதே வீடியோவைத் திங்கட்கிழமை போட்டால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். வியாழன் ராத்திரிக்குள் "அரை லிட்டர் எடுத்து வைங்க" என்று ஏழெட்டாவது வந்துவிடும்.

விலையைப் போடலாமா என்று ரொம்ப யோசித்தேன். எதிர்க்கடைக்காரர் பார்ப்பார் என்ற பயம். அவர் ஆள் விட்டு எப்போதோ கேட்டிருப்பார். "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்பதைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும், வாங்குகிறவருக்கு வராதா? ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய ரெண்டரை கிலோ பருப்பு ஆட்ட வேண்டும். பருப்பைத் தராசில் வைத்து, பக்கத்தில் எண்ணெய்ப் பாட்டிலை வைத்து, கூலியோடு கணக்கு எழுதி ஒரு படம் போட்டேன். பாக்கெட் எண்ணெயைவிட ஏன் இவ்வளவு விலை என்ற கேள்வி பாதியாகக் குறைந்தது.

இன்ஸ்டாவில் ஒரே ஒரு ரீல் பறந்தது. செக்கு சுற்றும் சத்தம், நுரையோடு வழியும் எண்ணெய், அவ்வளவுதான். பிசினஸ் கணக்காக மாற்றியதும் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் கிடைக்காமல் போனதால் வேறு வழியில்லாமல் செக்குச் சத்தத்தையே விட்டிருந்தேன். டெல்லி, புனே என்று ஆர்டர். சந்தோஷமாக ஐந்து லிட்டர் டின்களை கூரியரில் அனுப்பினேன். பாதி நசுங்கி, ஒழுகி, மற்றவர் பார்சலையும் நனைத்துப் போய்ச் சேர்ந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததில் அந்த மாத லாபம் காலி. இப்போது அதில் கடை முகவரியைப் போட்டுவிட்டு, வெளி மாநிலத்துக்கு அனுப்புவதில்லை என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

விளம்பரத்துக்குப் பணம் கட்டியதில் பாடம் அதிகம், பலன் கம்மி. பணம் கட்டினால் நம் பதிவை நிறையப் பேருக்குக் காட்டும் பூஸ்ட் பொத்தானை முதல் தடவை அழுத்தியபோது 500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 590. எந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டுவது என்று குறுக்காமல் விட்டதால் ராமநாதபுரத்திலிருந்தெல்லாம் "விலை என்ன" என்றார்கள், ஒருவரும் வாங்கவில்லை. கடையைச் சுற்றிப் பதினைந்து கிலோமீட்டர் என்று குறுக்கி, தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் மட்டும் ஓட்டியது பரவாயில்லை. ஏஜென்சி ஒன்றுக்கும் மாதம் எட்டாயிரம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் "ஹேப்பி ஃப்ரைடே" போஸ்டர் வந்தது. படத்தில் இருந்தது ஆலிவ் எண்ணெய். மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டேன்.

நம் மாதிரி தின்பண்டம், எண்ணெய் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "கொழுப்பு கரையும், சர்க்கரை குறையும்" என்று ஃபார்வர்டில் வருவதை அப்படியே கடைப் பக்கத்தில் போடாதீர்கள். உணவு விளம்பரத்துக்கு 2018இலேயே விதிமுறை வந்துவிட்டது. நானும் ஒன்று போட்டேன். மருந்துக்கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் சொல்லித்தான் எடுத்தேன். இன்னொன்று, "பதிப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் கணக்கு மூடப்படும்" என்று லிங்க் வந்தால் தொடாதீர்கள், திருட்டுக் கும்பல். பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

ஆறு வருடமாகப் புண்ணாக்கைப் பற்றி மட்டும் நான் ஒரு படம்கூடப் போட்டதில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் வாரம் தவறாமல் வருகிற ஆர்டர் அதற்குத்தான். மாடு வைத்திருக்கும் பெரியவர்கள் டைப் பண்ண மாட்டார்கள். காலை ஆறு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் வரும், பின்னால் கன்று கத்தும் சத்தத்தோடு: "கண்ணு, கடலைப் புண்ணாக்கு ரெண்டு மூட்ட எடுத்து வையி. பையன் டெம்போல வருவான்."