யூரெயில் பாஸுடன் 32 பயண நாட்கள்

2022 முதல் 2024 வரை ஆண்டுக்கு ஒருமுறையாக, 7, 10, 15 பயண நாட்கள் கொண்ட யூரெயில் இரண்டாம் வகுப்புப் பாஸ்களை (ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்கள், பயண நாளில் பல நாடுகளின் ரயில்களிலும் ஏறிக்கொள்ள வாங்கும் சீட்டு) வாங்கி, முதுகுப்பையுடன் தனியாக ஐரோப்பாவைச் சுற்றியிருக்கிறேன். (ஐரோப்பாவிலேயே குடியிருப்பவர்கள் வாங்க வேண்டியது இன்டர்ரெயில், அதில் குடியிருக்கும் நாட்டிலிருந்து வெளியேற ஒரு பயணம், அங்கே திரும்ப ஒரு பயணம் என்ற வரம்பு உண்டு.)

பணம் மிச்சமாகும் என்ற கணக்கில் பாஸ் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவார்கள். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தேதியைக் குறித்துவிட்டால், வியன்னா – சால்ஸ்பர்க் போன்ற தடங்களில் கிடைக்கும் சலுகை டிக்கெட்டுகள் பாஸின் ஒரு நாள் செலவைவிட மலிவாகவே அமையும். காலையில் சன்னலைத் திறந்து மழையைப் பார்த்துவிட்டு, போகும் ஊரையே மாற்றிக்கொள்ள முடிகிறதே, அந்த வசதிக்குத்தான் பாஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம்.

அந்த வசதியும் எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதை முதல் பயணத்தில்தான் கற்றுக்கொண்டேன். பிரான்சின் டிஜிவி, இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் அதிவேக ரயில்கள் ஆகியவற்றில் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவு கட்டாயம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. டிஜிவியில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கான இடங்களும் வரம்புக்கு உட்பட்டவை. ஆகவே பாரிஸ், பார்சிலோனா என்று நான் வரைந்திருந்த திட்டத்தில் நினைத்தபடி மாற்றிக்கொள்ள அநேகமாக எதுவுமே இல்லை. அடுத்த இரண்டு முறையும் ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, செக் குடியரசு, ஹங்கேரி என்று வைத்துக்கொண்டேன். அங்கே பெரும்பாலான பகல் ரயில்களில் முன்பதிவின்றி ஏறி, காலியான இருக்கையில் உட்கார்ந்துவிடலாம். மிலானிலிருந்து வெனிஸுக்குக்கூட அதிவேக ரயிலை விட்டுவிட்டு, வெரோனாவில் மாறும் சாதாரண ரயில்களில் சென்றால் முன்பதிவு தேவையில்லை. ஒன்றரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இந்த அணுகுமுறை எனக்குக் கொடுத்த மிகப் பெரிய பரிசு, சுவிட்சர்லாந்திலிருந்து இத்தாலிக்குச் செல்லும் பெர்னினா மலை ரயில்பாதை. அதில் ஓடும் சுற்றுலா ரயிலான பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும்; ஆனால் சென் மோரிட்ஸிலிருந்து திரானோ வரை அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்குப் பாஸ் மட்டுமே போதும். 2,253 மீட்டர் உயரத்திலுள்ள ஒஸ்பிசியோ பெர்னினா நிலையத்தைக் கடந்து, நமது நீலகிரி ரயிலுக்கு இருப்பது போன்ற பற்சட்டம் (சக்கரம் பற்றி ஏற உதவும் பற்கள் கொண்ட தண்டவாளம்) எதுவுமின்றியே செங்குத்தான சரிவுகளில் இறங்குகிறது. புரூசியோவின் வட்டப் பாலத்தில் ரயில் வளைந்தபோது, நான் இருந்த பெட்டியின் திறந்த சன்னல் வழியாக எங்கள் ரயிலின் முன்பகுதியை நானே பார்த்தேன்.

திட்டமிடாமல் போக விரும்புபவரிடமும் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) விண்ணப்பம் நாள்வாரியான திட்டத்தைக் கேட்கும். இந்த முரண்பாட்டுக்கு நான் கண்ட வழி, கட்டணமின்றி ரத்துசெய்யக்கூடிய தங்குமிடங்களைப் பதிவுசெய்வதும், அதிக இரவுகள் தங்கப்போகும் நாட்டின் தூதரகத்திலேயே விண்ணப்பித்து அந்தக் கணக்கை உண்மையாகவே காப்பாற்றுவதும்தான். இடைப்பட்ட ஊர்களை மாற்றலாம்; முதன்மை நாட்டை மாற்றுவது வம்பு.

பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இரவு ரயிலில் ஏறி, நள்ளிரவுக்குப் பின் வேறு ரயிலுக்கு மாறாமல் இருந்தால், புறப்பட்ட நாள் மட்டுமே கணக்கில் வரும். வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு நைட்ஜெட் என்ற இரவு ரயிலில் (இதற்கு முன்பதிவு கட்டாயம்) இப்படித்தான் ஒரு நாளையும் ஒரு இரவு வாடகையையும் சேமித்தேன். பெட்டிகள் வழியில் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குச் செல்வதுண்டு; ஏறும்போது கதவருகே உள்ள ஊர்ப்பெயரைப் படித்துக்கொள்ள வேண்டும். வியன்னா – பிராட்டிஸ்லாவா போன்ற ஒரு மணி நேரத் தூரத்துக்குப் பாஸ் நாளை வீணாக்காமல் தனி டிக்கெட் வாங்கினேன்.

கைப்பேசியில் இயங்கும் பாஸ் வசதியானதே. மூன்று நாட்களுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைக்க வேண்டும் என்பதையும், ஒவ்வொரு ரயிலையும் ஏறுவதற்கு முன்பே அதில் சேர்த்துவிட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. எனக்கு நேர்ந்தது வேறு. இன்ஸ்புருக்கிலிருந்து சூரிக் செல்லும் ரயில் ஆர்ல்பெர்க் சுரங்கத்துக்குள் நுழைந்த நேரத்தில், பரிசோதகர் எதிரே வந்து நிற்க, கைப்பேசி அணைந்துவிட்டது. இரவு முழுவதும் சார்ஜ் போடாதது என் தவறு. அவர் இருக்கையருகே இருந்த பிளக்கைச் சுட்டிக்காட்டிவிட்டு நகர்ந்தார். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து க்யூஆர் குறியீட்டைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அன்றிலிருந்து பவர்பேங்க் பையின் வெளிப்பக்கத்தில்தான் இருக்கிறது.

பிராகிலிருந்து புடாபெஸ்ட் செல்லும் ஏழு மணி நேரப் பயணத்துக்கும் ஒரு குறிப்பு: உணவுப் பெட்டி உள்ள ரயிலாகப் பார்த்து ஏறி, வலப்பக்கச் சன்னலைப் பிடியுங்கள். ஹங்கேரிக்குள் நுழைந்ததும் டான்யூப் அந்தப் பக்கம்தான் வரும். நதிக்கு அப்பால் குன்றின் மேல் விஷெக்ராத் கோட்டை தெரியும்.