ராக்கெட்டைத் தேடிப் போக ஜிபிஎஸ்ஸா, பீக்கனா?

பொழுதுபோக்காக ராக்கெட் பறக்கவிடுகிறவர்கள் லெவல் 2 என்ற இரண்டாம் நிலைச் சான்றிதழ் வாங்கி, ஜே, கே என்ற சக்தி கூடிய மோட்டார்களைத் தொட ஆரம்பித்ததும் ராக்கெட் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. நான்கு அங்குல விட்டமுள்ள ராக்கெட் 10,000 அடி உயரத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியாது. உச்சியில் அது பிரிந்து சின்ன பாராசூட் வெளியே வந்ததா என்பதையே ஊகிக்கத்தான் முடியும். அதனால் டிராக்கர் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. எந்த வகை என்பதில்தான் ஏவுதளத்தில் பேச்சு நீளும். ஒரு பக்கம், தான் இருக்கும் இடத்தை எண்களாக அனுப்பும் ஜிபிஎஸ் டிராக்கர். இன்னொரு பக்கம், பிப் பிப் என்று துடித்துக்கொண்டே இருக்கும் ரேடியோ பீக்கன். ஒரே திசையில் கூர்ந்து கேட்கும் யாகி ஆன்டெனாவைக் கையில் பிடித்துச் சுழற்றி, சத்தம் எந்தத் திசையில் ஓங்கிக் கேட்கிறதோ அந்தத் திசையில் நடக்க வேண்டும். இரண்டையும் வைத்துப் பறக்கவிட்டுப் பார்த்த பிறகு நான் ஜிபிஎஸ் பக்கம் வந்துவிட்டேன்.

முதலில், எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடையும் அளவும் இன்று இரண்டுக்குமே பெரிய பிரச்சினை இல்லை. 54 மில்லிமீட்டர் விட்டமுள்ள நோஸ் கோனுக்குள் (ராக்கெட்டின் கூம்பு முனை) இரண்டு வகையும் அடங்கும். விலையில், பீக்கன் அமைப்பின் பாரம் ரிசீவரில் இருக்கிறது. பருந்து வளர்ப்பவர்கள் தங்கள் பறவையைத் தேடுவதற்காகச் செய்யப்பட்ட நல்ல ரிசீவர், டிரான்ஸ்மிட்டரைவிடப் பல மடங்கு விலை. ஜிபிஎஸ்ஸில் எக்ஃபைண்டர் மாதிரி நாமே சால்டர் செய்துகொள்ளும் கிட்டும் உண்டு, போனில் வரைபடமாகவே காட்டும் ஃபெதர்வெயிட் மாதிரி தயார்நிலைப் பொருளும் உண்டு. ஆப்பிள் ஏர்டேக்கைப் போட்டால் போதாதா என்று புதியவர்கள் கேட்பார்கள். போதாது. பக்கத்தில் யாருடைய ஐபோனாவது போனால்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். ராக்கெட் பறக்கவிடப் போகும் பிளாக் ராக் பாலைவனத்தின் நடுவில் அப்படி யாரும் போவதில்லை. கத்தும் சைரன் நல்ல துணை, ஆனால் கடைசி நூறு அடிக்குத்தான்.

சரி, தேட வேண்டிய தூரம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். உயரம் 10,000 அடி, காற்று மணிக்கு 20 மைல், அதாவது விநாடிக்கு 29 அடி. டிரோக் எனப்படும் அந்தச் சின்ன பாராசூட்டில் விநாடிக்கு 80 அடி வேகத்தில் 700 அடி வரை இறங்க ஏறக்குறைய 116 விநாடி ஆகும். அதற்குள் காற்று ராக்கெட்டை 3,400 அடி தள்ளிவிடும். பெரிய பாராசூட் விரிந்து விநாடிக்கு 20 அடியாக மிச்சத்தை இறங்க 35 விநாடி, இன்னும் ஆயிரம் அடி. மொத்தம் முக்கால் மைலுக்குக் கொஞ்சம் அதிகம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இப்படி. பெரிய பாராசூட் உச்சியிலேயே திறந்துகொண்டால் 500 விநாடி மிதக்கும், இரண்டே முக்கால் மைல் போய்விடும். டிராக்கர் கைகொடுக்க வேண்டியது இப்படித் தவறிப்போகும் நாளில்தான்.

என் முடிவுக்குக் காரணம் ஒன்றே ஒன்று. பீக்கன் தரையில் விழுந்த பிறகும் உயிரோடு இருக்க வேண்டும், அதன் சத்தம் நம் காதுக்கு எட்டவும் வேண்டும். ஜிபிஎஸ் டிராக்கரோ விழுவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

வானில் இருக்கும்வரை ராக்கெட்டுக்கும் நமக்கும் நடுவில் தடை எதுவும் இல்லை. பல மைல் தூரத்திலிருந்தும் சிக்னல் தெளிவாக வரும். தரையைத் தொட்டதும் ஆன்டெனா புல்லில் படுத்துவிடும்; ஒரு சின்ன மேடு, ஒரு மரவரிசை, ஒரு வரப்பு போதும், சிக்னல் அறுந்துவிடும். இது இரண்டுக்கும் பொது. வித்தியாசம் அறுந்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்பதில் இருக்கிறது. 200 அடி உயரத்தில் கடைசி ஜிபிஎஸ் தகவல் வந்ததென்று வையுங்கள். அங்கிருந்து தரைக்குப் பத்து விநாடி. அதே காற்றில் இன்னும் 290 அடி. ஆக, கடைசி எண் காட்டும் இடத்துக்குப் போய் காற்று வீசிய திசையில் 300 அடிக்குள் பார்த்தால் போதும். இன்னொரு நல்ல விஷயம், அவ்வளவு கிட்டப் போனதும் பெரும்பாலும் சிக்னல் திரும்ப வந்துவிடும். புதிய எண் கிடைக்கும். திறந்தவெளியில் அது பதினைந்து, இருபது அடிக்குள் கொண்டுபோய் நிறுத்தும்.

பீக்கனில் அந்த நேரத்தில் மிஞ்சுவது ஒரு திசை மட்டும். மூன்று தண்டு யாகி ஆன்டெனாவின் பார்வை அகலமானது. பழகிய கையாக இருந்தாலும் திசை பத்து டிகிரி பிசகுவது சகஜம். ஒரு மைல் தூரத்தில் பத்து டிகிரி என்றால் 900 அடிக்கு மேல் விலகிப் போவோம். தூரம் எவ்வளவு என்பது அதற்குத் தெரியவே தெரியாது. இரண்டு இடங்களில் இரண்டு பேர் நின்று திசை பார்த்தால் கோடுகள் வெட்டும் புள்ளி கிடைக்கும், உண்மை. ஆனால் ராக்கெட் இறங்கும் அந்த இரண்டு நிமிடத்தில் அரை மைல் தள்ளி இன்னொருவரை ஆன்டெனாவோடு நிறுத்திவைக்க எத்தனை பேரால் முடியும்? தனியாகப் போகிறவருக்கு, சிக்னல் இருக்கும்வரை திருத்திக்கொண்டே நடக்கலாம். நடுவில் அது நின்றுவிட்டால் நடந்த கோட்டின் மேல் எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

மண்ணின் குணமும் இதில் சேரும். நெவாடாவின் பிளாக் ராக்கில் காய்ந்த ஏரிப்படுகை தட்டையாகக் கிடக்கும். அங்கே இரண்டு வகையும் நன்றாக வேலை செய்யும் என்று சொல்லத் தயங்க மாட்டேன். நாங்கள் போகும் மேரிலாந்தின் கிழக்குக் கரையோரப் பண்ணைகள் வேறு மாதிரி. வயல்களுக்கு நடுவே மரவரிசைகள், தகரக் கொட்டகைகள், தானியக் கிடங்குகள். தகரத்தில் பட்டுத் திரும்பும் பீக்கன் சத்தம் இல்லாத திசையை இருக்கிறதென்று காட்டும். கோடையில் ஆள் உயரத்துக்கு மேல் மக்காச்சோளம் நிற்கும் வயலுக்குள் நுழைந்துவிட்டால் பத்தடி தள்ளிக் கிடப்பதும் தெரியாது. அங்கே எந்த வரிசைக்குள் இறங்குவது என்பதே பெரிய முடிவு. தவறான வரிசையில் போனால் அடுத்தவர் பயிரையும் மிதிக்கிறோம். பண்ணைக்காரர் நிலத்தைத் தருவது நம்மை நம்பித்தான், அடுத்த மாதமும் அங்கேயே பறக்கவிட வேண்டும். ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நேராகப் போய் எடுத்துவருவது அந்த மரியாதைக்கும் நல்லது.

இதற்காகப் பீக்கனை ஒதுக்கிவிட முடியாது. அதன் பேட்டரி நாள்கணக்கில் தாங்கும். மாலையில் மரத்தில் மாட்டியதை அடுத்த வார இறுதியில் போய்த் தேடலாம். ஜிபிஎஸ் டிராக்கருக்கு அன்றைய நாளோடு பேட்டரி முடிந்துவிடும் (கடைசி எண் போனில் இருக்கும், அது வேறு). வானம் பார்க்க வேண்டிய அவசியமும் பீக்கனுக்கு இல்லை. தலைகீழாக ஓடையில் கிடந்தாலும் துடிக்கும். மிக மெல்லிய பிப் சத்தத்தைக்கூட இரைச்சலுக்கு நடுவே காது பிரித்தெடுத்துவிடும். அப்புறம், மேலே ஏறும்போது கடும் வேகத்தில் ஜிபிஎஸ் தடுமாறும். 1,000 நாட் வேகம், 60,000 அடி உயரம் என்ற பழைய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு வரம்பு (அதைத் தாண்டினால் இடம் காட்டாது) சில சிப்களில் அப்படியே இருக்கிறது. இறங்கும்போது திரும்பப் பிடித்துக்கொள்ளும் என்பதால் தேடுவதற்கு அது தடையில்லை. ஆனால் பாராசூட் எதுவுமே திறக்காமல் ஈட்டிபோல் பாய்ந்துவரும் ராக்கெட்டில் கடைசி எண்ணை நான் முழுதாக நம்ப மாட்டேன்.

இவ்வளவு நம்பும் ஜிபிஎஸ்ஸை எங்கே வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும், ரேடியோ அலையை அடைத்துவிடும். உடல் கார்பனாக இருந்தாலும் நோஸ் கோன் ஃபைபர் கிளாஸாக இருக்கட்டும். டிராக்கரின் பக்கத்தில் நீளமான இரும்புத் தண்டு, அலுமினியத் தகடு எதுவும் கூடாது. ஏவுமேடைக்கு எடுத்துப் போகும் முன்பே ஆன் செய்து, செயற்கைக்கோள்களைப் பிடித்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். லித்தியம் பேட்டரியைக் குலுங்காமல் கட்டுங்கள். ஏறும்போது வரும் உதையில் ஒரு தளர்ந்த கனெக்டர் போதும் எல்லாம் போக.

முழுக்கக் கார்பனாலான, மோட்டார் அளவே உடலாக உள்ள ராக்கெட்டுகளில் எனக்கு அனுபவம் குறைவு. அவற்றில் வாலருகே ஆன்டெனாவை வெளியே நீட்டி வைக்கும் பீக்கனைப் பலர் நம்புகிறார்கள்; அவர்கள் சொல்வதில் நியாயம் தெரிகிறது. 30,000 அடிக்கு மேல் பறக்கவிட்டவர்களிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது, என் பேச்சை அங்கே நீட்டிக்க மாட்டேன்.

அமெரிக்காவில் 900 மெகாஹெர்ட்ஸ் டிராக்கர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதனால் முதல் டிராக்கர் வாங்குகிறவருக்கு அதையே சொல்வேன். 70 சென்டிமீட்டர் அலைவரிசையில் இயங்கும் ஆல்டஸ் மெட்ரம் நிறுவனத்தின் கருவிகளுக்கு அமெச்சூர் ரேடியோ டெக்னீஷியன் லைசென்ஸ் வேண்டும். 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஒரு வார இறுதி உட்கார்ந்து படித்தால் முடிந்துவிடும். அதை வாங்கிவிட்டால் ஒரு வசதி: அவர்களுடைய டெலிமெட்ரம் கருவி ஜிபிஎஸ் எண்களோடு திசை கண்டுபிடிப்பதற்கான ஒலியையும் ஒரே ரேடியோவில் அனுப்புகிறது. எண் வராமல் போனால் யாகி ஆன்டெனாவோடு கிளம்பலாம். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள விரும்பினால் ஜிபிஎஸ் நோஸ் கோனில் இருக்கட்டும், பீக்கன் மோட்டார் இருக்கும் கீழ்ப்பகுதியில் இருக்கட்டும். இரண்டு பகுதியையும் இணைக்கும் ஷாக் கார்ட் என்ற கயிறு அறுந்தால் இரண்டு துண்டும் வேறுவேறு வயலில் விழும். விலை கூடிய மோட்டார் கேஸ் இருப்பது அந்தக் கீழ்ப்பகுதியில்தான்.