ஆயில் குடிக்கும் எஞ்சினோடு ஐந்து ஆண்டுகள்

2019 ஆவணியில் பாளையங்கோட்டையில் நான் வாங்கியது ஏழு வயதான பெட்ரோல் கார். 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒரே உரிமையாளர், கீறல் இல்லாத பெயின்ட், புது டயர். வண்ணார்பேட்டை வரை ஓட்டிப் பார்த்தேன். இழுவை நன்றாக இருந்தது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. அன்று மாலையே முன்பணம் கொடுத்துவிட்டேன். எஞ்சின் ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் மதுரையிலிருந்து திரும்பும்போது, கயத்தாறு தாண்டியதும் ஒரு வளைவில் சிவப்பு ஆயில் விளக்கு மின்னி மறைந்தது. ஓரமாக நிறுத்தி, சற்று நேரம் விட்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினேன். நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. சர்வீஸ் முடிந்து 2,500 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. வீட்டு முற்றத்தில் ஒரு சொட்டுகூட ஒழுகியதில்லை. அந்த விளக்கு ஆயில் அளவைக் காட்டுகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது அழுத்தத்தை. அளவு மிகவும் குறைந்து, வளைவில் மிச்ச ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும்போதுதான் அது மின்னுகிறது. அதற்குள் பேரிங்குகள் காயத் தொடங்கியிருக்கும்.

மறுநாளிலிருந்து காரில் ஒரு நோட்டு வைத்தேன். மேல்கோடு வரை ஆயிலை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, சமதரையில் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அளந்தேன். 1,000 கிலோமீட்டருக்கு 800 மில்லி குறைந்தது. சில ஜெர்மன் கார்களின் கையேடுகள் அரை லிட்டர் வரை செலவாகலாம் என்கின்றன. என் வண்டி அதையும் தாண்டியிருந்தது.

மேலப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். மூன்றாவது பிளக் மட்டும் ஈரக்கரியாக இருந்தது. "தம்பி, இது வால்வ் சீல் இல்லை. அது போயிருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை ஒரு வீச்சு வந்து நின்றுவிடும். இங்கே ஆயில் ரிங்தான் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்றார். வால்வ் சீல் என்பது வால்வ் தண்டு வழியாக ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் வளையம். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டில் அளவு சரியாகவே வந்தது. முதலில் அது எனக்குக் குழப்பமாக இருந்தது. அவர் விளக்கிய பிறகு புரிந்தது. அழுத்தத்தைத் தாங்குபவை பிஸ்டனைச் சுற்றி மேலே உள்ள இரண்டு ரிங்குகள். சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழிப்பது மூன்றாவது ரிங். அதன் பள்ளத்தில் கரி படிந்து, பிஸ்டனில் ஆயில் திரும்பி வடியும் துளைகளும் அடைந்துவிட்டால், இழுவை குறையாமலே வண்டி ஆயிலை எரிக்கும். சும்மா ஒருமுறை ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இது ஏதோ ஒரு வண்டியின் விதியும் இல்லை. அமெரிக்காவில் விற்ற 2007 முதல் 2009 வரையிலான மாடல் டொயோட்டா காம்ரியின் 2.4 லிட்டர் எஞ்சினில் இதே குறைக்காக நிறுவனமே உத்தரவாதத்தை நீட்டித்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்றிக் கொடுத்தது. ஆகவே பழைய கார் வாங்குகிறவர்கள் மாடல் பெயரோடு நிற்காமல், எந்த ஆண்டு, எந்த எஞ்சின் என்று கேட்டு, அந்த எஞ்சினுக்கு இப்படி ஒரு பேச்சு உண்டா என்று இரண்டு மெக்கானிக்குகளிடமாவது விசாரிக்க வேண்டும்.

பிளக் துளை வழியாகக் கரி கரைக்கும் திரவம் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தோம். 800 மில்லி 600 ஆனது, அவ்வளவுதான். கடைசியில் எஞ்சினை இறக்கி, பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட்டு 46,000 ரூபாய் கொடுத்தேன்.

2023இல் என் அத்தை மகன் கார் தேடியபோது நானே கூடப் போனேன். முதலில் வள்ளியூரில் ஒரு வண்டி. "காலை ஆறரைக்கு வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முந்தின நாளே சொல்லியிருந்தோம். போய்ப் பானெட்டில் கை வைத்தால் சூடு. கழுவுவதற்காக நகர்த்தினேன் என்றார் விற்பவர். ரேடியேட்டர் குழாயில் விரல் வைக்க முடியவில்லை. இரண்டடி நகர்த்திய வண்டி அப்படிக் கொதிக்காது. சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பார்த்தேன், பிசுபிசுப்பான கறுப்பு. பெட்ரோல் வண்டியில் காய்ந்த தூசி போன்ற கரிதான் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. ரிங்குகளைத் தாண்டி வாயு கீழே கசியும் இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். டிப்ஸ்டிக்கில் மட்டும் ஆயில் மேல்கோட்டையும் தாண்டி, புத்தம் புதிதாகத் தேன் நிறத்தில் இருந்தது. 5டபிள்யூ-30 என்ற இளக்கமான ஆயில் ஊற்ற வேண்டிய எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயிலை ஊற்றினால் சில நாளைக்குப் புகை அடங்கும் என்பது எனக்குத் தெரியும். எந்த ஆயில் என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. திரும்பிவிட்டோம்.

அடுத்தது செங்கோட்டையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கார். எஞ்சின் குளிர்ந்தே இருந்தது. சர்வீஸ் பில்களைக் கட்டுக் கட்டாக எடுத்து வைத்தார். அவற்றில் நான் தேடியது ஒன்றைத்தான்: இரண்டு சர்வீஸுக்கு நடுவே ஒரு லிட்டர், அரை லிட்டர் என்று ஆயில் வாங்கிய பில். ஒன்றுகூட இல்லை. அதன்பின் ஆரியங்காவுப் பாதையில் கோட்டைவாசல் வரை ஏறி, புளியரை எஸ் வளைவில் இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் இறங்கினோம். அப்படி இறங்கும்போது எஞ்சினுக்குள் உறிஞ்சும் விசை கூடும். சீல் தளர்ந்திருந்தால் வால்வ் தண்டு வழியாக ஆயில் உள்ளே இறங்கும். கீழே வந்ததும் ஒரே அழுத்து. பைக்கில் பின்னால் வந்த அத்தை மகன், புகை இல்லை என்று கையை ஆட்டினான். சோதனைகளில் எனக்கு அதிக நம்பிக்கை தந்தது இதுதான். சமவெளியில் இவ்வளவு நேரம் இப்படிச் செய்வது கடினம்.

இருந்தாலும், வாங்கிய முதல் 1,000 கிலோமீட்டருக்கு அவனையும் நோட்டுப் போடச் சொன்னேன். டிப்ஸ்டிக்கில் கோடு அசையவில்லை. இன்றுவரை 24,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டான். ஒரு சர்வீஸிலிருந்து அடுத்த சர்வீஸ் வரை ஆயில் ஊற்ற வேண்டி வந்ததில்லை. என் வண்டி இப்போது 1,000 கிலோமீட்டருக்கு 100 மில்லி எடுக்கிறது. பின்பெட்டியில் அரை லிட்டர் டப்பா ஒன்று எப்போதும் இருக்கிறது, நோட்டு மூன்றாவது.