நீல லேசர் சுட்டி: 445 நானோமீட்டரா, 473 நானோமீட்டரா?

445 நானோமீட்டர் அலைநீளச் சுட்டியில் காலியம் நைட்ரைடு வகை டயோடு (மின்சாரத்தை ஒளியாக்கும் சிறு குறைகடத்தி) நேரடியாகவே நீல ஒளியை உமிழ்வதால் அமைப்பு எளிது, விலையும் குறைவு. அந்த எளிமையாலேயே ஒரு வாட்டைத் தாண்டும் கருவிகளும் பொழுதுபோக்காளர் கைக்கு வந்துவிடுகின்றன என்பது என் கவலை. 473 நானோமீட்டரிலோ, 808 நானோமீட்டர் டயோடு நியோடிமியம் என்ற தனிமம் கலந்த, யாக் எனப்படும் செயற்கைப் படிகத்தைத் தூண்ட, அதில் பிறக்கும் 946 நானோமீட்டர் அகச்சிவப்பை இன்னொரு படிகம் பாதி அலைநீளத்துக்கு மாற்றுகிறது. இதனால் விலை ஏறும், வெப்பநிலை மாறும்போது ஒளித்திறன் தடுமாறும்; எனினும் கற்றை பெரும்பாலும் சீரான வட்டமாக அமையும், சம திறனில் பகல்வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஏறத்தாழ மும்மடங்கு பிரகாசமாகவும் தெரியும். 5 மில்லிவாட்டுக்குள் நிற்க விரும்புவோருக்கு 473-ஐயே பரிந்துரைப்பேன். வலுவான 445-ஐ வாங்குவோர், அந்த அலைநீளத்துக்கென்றே சான்றளிக்கப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடியின்றி அதை இயக்கவே கூடாது; அதன் ஒளி கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் விழித்திரையைச் சுடும் ஆற்றல் குறைவதில்லை.