ஸ்டென்ட் வைத்த இரவில் முதுகு வலித்தால் சும்மா விடாதீர்கள்

அப்பாவின் இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்து, ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்ததும், "அடைப்பு சரியாகிவிட்டது" என்றார் டாக்டர். உண்மைதான், அப்பாவின் இதயத்துக்குக் குறையில்லை. ஆனால் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை நுழைத்த தொடை இடுக்கை அப்புறம் யாரும் ஒழுங்காகக் கவனிக்கவில்லை.

இரவில் வலது பக்கம் கீழ்முதுகு வலிக்கிறது என்றார் அப்பா. காலை நீட்டியே படுத்திருப்பதால்தான் என்று வலி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டியது, குமட்டியது. வாயுத்தொல்லையாம். ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இறங்கியதைக்கூட நான்தான் கூப்பிட்டுக் காட்டினேன். வந்த நர்ஸ் தொடையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையே" என்று போய்விட்டார். நானும் அதை நம்பினேன். விடிந்த பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்தால், ரத்தம் முழுக்க வயிற்றுக்குப் பின்னால் தேங்கியிருக்கிறது. ஹீமோகுளோபின் 13-லிருந்து 8 ஆகியிருந்தது.

அடுத்த டாக்டர் படம் போட்டு விளக்கினார். தொடைத் தமனியில் ஊசி சற்று மேலே ஏறிவிட்டால், அழுத்திப் பிடிக்க அடியில் எலும்பு இருக்காது. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் என்ற மருந்து வேறு ஏற்றியிருப்பார்கள். ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே இறங்கும். முதுகுவலி, வியர்வை, அழுத்தம் இறங்குவது: இவைதான் அதன் அடையாளங்கள். மூன்றுமே அப்பாவுக்கு இருந்தன!

இது அரிதாக நடப்பதுதான், ஒப்புக்கொள்கிறேன். சிக்கல் வந்ததற்காக நான் கோபப்படவில்லை. சொல்லியும் பார்க்காததுதான் ஆறவில்லை. கேட்டதற்கு, "கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார்கள். உள்ளே கொண்டுபோகும் அவசரத்தில் நீட்டிய அந்தத் தாளில் 'ரத்தக்கசிவு' என்ற ஒரு சொல் இருந்தது, அவ்வளவுதான். மணிக்கட்டு வழியாகச் செய்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும் என்று முன்பே யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது ஒத்துவராதுதான், ஆனாலும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மறுபடி ரத்தம் கசியுமோ என்ற பயத்தில், ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரல் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேசினோம். நல்லவேளை, டாக்டரிடம் கேட்டோம். புது ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தால் மாரடைப்பே வரும். அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றி அப்பாவைக் காப்பாற்றினோம். பிறகு அந்த இரவின் பதிவேட்டு நகலை வாங்கிப் பார்த்தேன். முதுகுவலி என்ற சொல்லே அதில் இல்லை. இரவு முழுவதற்கும் ஒரே வரிதான்: "நோயாளி நலமாக இருக்கிறார்."