ஆணுறையை மட்டும் நம்பி இருக்கலாமா? பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கல்யாணம் நிச்சயமான நண்பன் ஒருவன் கேட்டான், “ஆணுறை மட்டும் போதுமாடா?” என்று. ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பொருளைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. நானும் மனைவியும் பல வருடங்களாக இதைத்தான் நம்பியிருக்கிறோம், ஒன்றுகூடக் கிழிந்ததில்லை. தயாரிக்கும் இடத்திலேயே ஒவ்வொன்றையும் மின்சோதனை செய்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள், போதாததற்கு ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சிலவற்றை எடுத்து 300 மில்லி தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்றும், வெடிக்கும் வரை காற்றடித்தும் சோதிக்கிறார்கள். ரப்பர் ஒவ்வாமை இல்லாவிட்டால் பக்கவிளைவு இல்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டியதில்லை, நிறுத்த நினைத்தால் அன்றைக்கே நிறுத்திவிடலாம்.

எனக்கு ஆத்திரம் வருவதெல்லாம் ‘ஆணுறை 98 சதவீதம் கருவைத் தடுக்கும்’ என்கிற அந்த எண்ணின் மேல்தான். யாரைக் கேட்டாலும் அதையே சொல்கிறார்கள். 100 பெண்கள் ஒரு வருடம் முழுக்க, ஒவ்வொரு முறையும், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சரியாகப் பயன்படுத்தினால் சுமார் 2 பேர் கருத்தரிக்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். நிஜ வாழ்க்கையில் ஜனங்கள் பயன்படுத்துகிற விதத்தில் அது சுமார் 13 பேர். எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் 85 பேர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் 13 மோசமில்லைதான், ஆனால் அந்த எண்ணைச் சொல்லாமல் 98 என்று மட்டும் சொல்லி ஒருவரை அனுப்புவது நியாயமே இல்லை.

அந்த வித்தியாசம் எங்கே வருகிறது என்றால் படுக்கையில்தான். ‘இன்றைக்கு ஒரு நாள் பரவாயில்லை’ என்பது முதல் காரணம். பாதியில் போட்டுக்கொள்வது இரண்டாவது. அப்புறம், இருட்டில் தலைகீழாக வைத்துவிட்டு, உருளவில்லை என்றதும் அதையே திருப்பிப் போடுவது. அதற்குள் முனையில் கசிவு பட்டிருக்கலாம், அதில் விந்தணு இருக்கலாம், எனவே தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். நுனியைக் கிள்ளிக் காற்றை எடுத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய், வாசலின் மாதிரி எதுவும் லேடெக்ஸ் மேல் படவே கூடாது, சில நிமிடங்களிலேயே ரப்பர் பலவீனமாகிவிடும். தண்ணீர் அல்லது சிலிக்கான் சேர்ந்த ஜெல்தான் சரி. பர்ஸில் மாதக்கணக்கில் வைத்துச் சூடேற்றியதையும் நம்பாதீர்கள். முடிந்ததும் விறைப்பு தளர்வதற்கு முன்பே அடி வளையத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான், அந்த நேரத்தில் யாருக்கும் எழுந்திருக்க மனம் வராது.

ஒருவேளை கிழிந்தாலோ கழன்றாலோ, லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்கிற அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இவ்வளவு பாராட்டிவிட்டும் நண்பனிடம் ‘இது மட்டும் போதாது’ என்றுதான் சொன்னேன். இன்னும் இரண்டு வருடத்துக்குக் குழந்தை வேண்டவே வேண்டாம் என்பதில் அவர்கள் இருவருமே உறுதியாக இருக்கிறார்கள். கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி போட்டுக்கொண்டால் ஒரு வருடத்தில் 100 பேரில் ஒருவருக்குக்கூடத் தவறுவதில்லை, தினமும் யாரும் எதையும் ஞாபகம் வைத்திருக்கவும் வேண்டாம். ஆனால் அது பால்வினை நோயைத் தடுக்காது. அதற்கு ஆணுறைதான், அதையும் விட வேண்டாம் என்றேன். நாங்கள் இன்னமும் ஆணுறையோடுதான் இருக்கிறோம், ஏனென்றால் இப்போது கரு தங்கினால் எங்களுக்குச் சந்தோஷம்தான்.